குதிரைச் சவாரி தவிர பால் ரெவியர் என்ன தொழில் செய்தார்?

அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கவிருந்த நேரம், 1775 ஏப்ரல் 18 இரவு குதிரையில் போய் ஆங்கிலேயப் படை வருவதைச் சொன்னவர் என்றுதான் படித்தோம், பிழைப்புக்கு என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் பாஸ்டன் நகரத்து வெள்ளி ஆசாரி. அப்பாவுக்கும் அதே தொழில். 1754-இல் அப்பா இறந்தபோது ரெவியருக்கு 19 வயது. பட்டறைப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது ஓர் ஓவியத்தால். 1768-இல் காப்ளி என்ற ஓவியர் வரைந்தது, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோட்டு இல்லாமல், வேலை செய்யும் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை தாடையில், மறு கையில் வெள்ளித் தேநீர்க் கூஜா. சித்திரம் வெட்டும் உளிகள் மேசையில் கிடக்கின்றன. கூஜாவில் இன்னும் ஒரு கோடுகூட விழவில்லை.

அந்த மாதிரிக் கூஜாவை வெள்ளிக் கட்டியிலிருந்து தட்டித் தட்டித்தான் எழுப்ப வேண்டும். 1765 வாக்கில் வியாபாரம் படுத்தபோது பொய்ப்பல் கட்டும் வேலையும் பார்த்தார். நண்பர் டாக்டர் ஜோசப் வாரன் 1775-இல் பங்கர் ஹில் போரில் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் உடலைத் தோண்டி எடுத்தபோது, தான் கட்டிய பல்லை வைத்து ரெவியர்தான் அடையாளம் காட்டினார்.

விடுதலைப் போர் முடிந்ததும் இங்கிலாந்துச் சரக்கு விற்கும் கடை வைத்தார். அப்புறம் 1785 வாக்கில் வெள்ளியைத் தகடாக உருட்டும் உருளை இயந்திரம் வாங்கினார். அவர் தொழிலில் பெரிய திருப்பம் இதுதான் என்பேன். தகட்டை வளைத்து ஓரத்தைப் பற்றவைத்தால் கூஜாவின் உடம்பு தயார். நாள்கணக்கில் சுத்தியல் பிடிக்கத் தேவையில்லை. கரண்டி, பொத்தான், செருப்பு வார்ப்பூட்டு எல்லாம் நிறையச் செய்ய முடிந்தது.

தகடு உருட்டத் தெரிந்தவருக்குச் செம்பும் வசப்பட்டது. அதற்கு முன்பே வார்ப்படச் சாலை வைத்துக் தேவாலய மணியும் பீரங்கியும் வார்த்துக்கொண்டிருந்தார். 65 வயதில், அரசாங்கத்திடம் 10,000 டாலர் கடன் வாங்கி, கேன்டன் என்ற ஊரில் செம்புத் தகட்டு ஆலை போட்டார். அதுவரை இங்கிலாந்திலிருந்து வந்த சரக்கு அது. மாசசூசெட்ஸ் சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடத்துக்கு 1802-இலும், கான்ஸ்டிடியூஷன் போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்கு 1803-இலும் அவர் தகடு போனது.

1811-இல் ஓய்வு பெற்றார். ஆலையை மகன் எடுத்து நடத்தினார். அந்த மகனுக்கு அவர் வைத்த பெயர் ஜோசப் வாரன்.