கொல்லையில் தானாக வளர்ந்த மரம் மலைவேம்புதானா?

கேள்வி: எங்கள் ஊர் ராசிபுரம் அருகே உள்ளது. வீட்டுக் கொல்லையில், சுவரிலிருந்து ஆறடி தள்ளி, மூன்று ஆண்டுகளுக்கு முன் தானாக முளைத்த மரம் இப்போது 18 அடிக்கு வளர்ந்துவிட்டது. இலை இரண்டு அடிக்கு மேல் நீளமாக இருக்கிறது, கசக்கினால் நாறுகிறது, வெள்ளாடுகள் தின்கின்றன. இன்னும் பூக்கவில்லை. உறவினர் ஒருவர் இதை மலைவேம்பு என்கிறார். குழந்தைப்பேற்றுக்காக என் மருமகளுக்கு இதன் இலைச்சாறு கொடுக்கலாம் என்றும், முற்றினால் பிளைவுட்டுக்கு விற்கலாம் என்றும் சொல்கிறார். இது என்ன மரம்? வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த இலையின் சாற்றை வீட்டில் யாருக்கும் கொடுக்க வேண்டாம். தாங்கள் அனுப்பியுள்ள படங்களில் இருப்பது மலைவேம்பு அன்று. பெருமரம் என்றும் பீநாறி என்றும் நம் பக்கத்தில் வழங்கும் மரம். பெருமரத்தின் இலை, பட்டைச் சாறுகளுக்குக் கரு கருப்பையில் பதிவதைத் தடுக்கும் தன்மை இருப்பது ஆய்வக எலிகளிடம் காணப்பட்டுள்ளது. குழந்தை வேண்டிக் குடிப்பவருக்கு இதைவிடப் பொருந்தாத சாறு இருக்க முடியாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால், இலையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்று, கொடுத்த அளவையும் நாளையும் சொல்லுங்கள்.

மலைவேம்பு அன்று என்று எப்படிச் சொல்கிறேன் என்பதைத் தாங்களே மரத்தடியில் நின்று சரிபார்க்கலாம். மலைவேம்பின் இலை அமைப்பில் முருங்கை இலையை ஒத்தது. நடு ஈர்க்கிலிருந்து கிளை ஈர்க்குகள் பிரிந்து, அவற்றில்தான் சிற்றிலைகள் அமைந்திருக்கும். தங்கள் மரத்தின் இலையிலோ வேப்பிலையில் உள்ளதுபோல் ஒரே ஈர்க்கின் இருபுறமும் சிற்றிலைகள் நேரடியாக அமைந்துள்ளன. அப்படியானால் இது வேம்பாக இருக்கலாமே என்று தோன்றும். ஆனால் வேம்பின் இலை இரண்டு அடி நீளத்துக்கு வளர்வதில்லை. அதன் சிற்றிலைகளின் ஓரம் ரம்பத்தின் பற்களைப் போல் சீராக இருக்கும். தங்கள் மரத்தின் சிற்றிலைகள் அகலமாகவும், அடிப்பகுதி ஒருபுறம் ஏறி மறுபுறம் இறங்கியும், ஓரத்தில் ஒழுங்கற்ற பெரிய பற்களோடும் இருக்கின்றன. சாம்பல் நிறத் தண்டில் உதிர்ந்த இலைக்காம்புகள் விட்டுச்சென்ற பெரிய தழும்புகளும், தாங்கள் குறிப்பிட்ட நாற்றமும் பெருமரத்துக்கே பொருந்துகின்றன.

தானாக முளைத்தது என்பதும் ஒரு தடயம். மலைவேம்பின் கொட்டை மிகக் கடினமானது. நாற்றங்கால்களில் சாணக்கரைசலில் ஊறவைத்து விதைத்தும் குறைவாகவே முளைக்கும். பெருமரத்தின் காயோ நடுவில் ஒரே விதையுள்ள மெல்லிய சிறகு; கோடையில் முதிர்ந்து, காற்றில் சுழன்று பறந்து, விழுந்த இடத்தில் ஈரம் கிடைத்தால் முளைத்துவிடும். தங்கள் தெருவிலோ அடுத்த காட்டிலோ தாய்மரம் ஒன்று நிற்கக்கூடும், தேடிப் பாருங்கள்.

இதற்கு நெருங்கிய உறவான மட்டிப்பால் மரத்தோடும் இதைக் குழப்பிக்கொள்வதுண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மிகுந்த பகுதிகளுக்குரிய அம்மரத்தின் சிற்றிலைகளின் ஓரத்தில் பற்கள் இருப்பதில்லை. பட்டையைக் கீறினால் வடியும் பிசின் ஊதுவத்திக்குப் பயன்படுகிறது. பெயரை மட்டும் நம்பவும் கூடாது. பீநாறி என்ற பெயரே, பூ நாறுகின்ற வேறொரு மரத்துக்கும் வழங்குகிறது.

இனி, வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி. மரம் நல்ல மரம்தான், ஆனால் நிற்கும் இடம் தவறு. வறண்ட நிலத்திலும் விரைந்து வளர்ந்து 60 அடியைத் தாண்டக்கூடிய இதன் கட்டை மென்மையானது. பலத்த காற்றில் கிளைகள் முறியும். ஆறடித் தொலைவில் சுவரும் கூரையும் இருக்கும்போது, அது ஓங்கி வளர்ந்தபின் வெட்டுவதற்குப் பெருஞ்செலவாகும். இப்போதே எடுத்துவிடுங்கள். அடியோடு அறுத்து நிறுத்திக்கொண்டால் வேரிலிருந்து கன்றுகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். ஆகவே சுற்றிலும் தோண்டி, தடித்த வேர்களோடு பெயர்த்தெடுப்பதே சரி.

விலையைப் பொறுத்தவரை, பெருமரக் கட்டை தீக்குச்சி செய்யப் பயன்படுவதால் சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத் தீப்பெட்டித் தொழிலுக்கு வேண்டியதுதான். எனினும் கொல்லையில் நிற்கும் ஒற்றை இளமரத்துக்காக வியாபாரி யாரும் வண்டி அனுப்பமாட்டார். தங்களுக்கு இதிலுள்ள உண்மையான பயன் தழைதான். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஆடு வளர்ப்போர் இம்மரத்தின் தழையை வெட்டித் தீவனமாகப் போடுவது நெடுங்கால வழக்கம். வெட்டிய தழையைச் சில மணி நேரம் வாடவிட்டு, மற்ற பசுந்தீவனத்தோடு கலந்து போடுங்கள். அதையே முழுத் தீவனமாக்க வேண்டாம். தோண்டும்போது கிடைக்கும் வேர்க்கன்றுகளில் இரண்டு மூன்றைத் தண்ணீர் தேங்காத வரப்போரத்தில், கட்டடத்திலிருந்து குறைந்தது 30 அடி தள்ளி, மழைக்காலத்தில் நட்டால் ஆடுகளுக்குத் தழை தொடர்ந்து கிடைக்கும். இளந்தழையைப் புழுக்கள் கூட்டமாகத் தின்று மொட்டையாக்குவதுண்டு. மரம் மீண்டும் தழைத்துவிடும் என்பதால், ஆட்டுக்கு வெட்டும் மரத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

பூ இல்லாத நிலையில் படங்களை மட்டும் வைத்துச் சொன்ன பதில் இது. இலையின் அமைப்பு தெளிவாக இருப்பதால் மலைவேம்பு அன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. எழுத்துப்பூர்வமான உறுதி வேண்டுமானால், முழு இலையோடு கூடிய சிறு கொப்பு ஒன்றைச் செய்தித்தாள்களுக்கிடையே வைத்து, மேலே கனமான பொருளை ஏற்றி, தாளைத் தினமும் மாற்றி உலர்த்துங்கள். தாய்மரத்தைக் கண்டுபிடித்தால், பூவோ காயோ உள்ள கொப்பையும் அப்படியே உலர்த்திச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் இந்திய தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் கொடுத்தால், அங்குள்ள உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மரத்தைப் பெயர்த்தெடுக்கும் முன்பே அந்தக் கொப்பை ஒடித்து வைத்துக்கொள்ளுங்கள்.