எலும்புக்கும் வெங்காயத்துக்கும் ஒரே கத்தி போதுமா?

கேள்வி: சிங்கப்பூரின் யீஷூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். வார இறுதியில் தேக்கா சந்தையில் மீனும் எலும்போடு ஆட்டிறைச்சியும் வாங்கி வீட்டில்தான் வெட்டுவேன். என் ஸ்டெயின்லெஸ் கத்தி சீக்கிரம் மழுங்குகிறது. ஜப்பானியக் கார்பன் ஸ்டீல் கத்தி வாங்கலாமா?

பதில்: உங்கள் சமையலுக்கு வேண்டாம் என்பேன். கத்தி மோசமென்று இல்லை. அத்தகைய கத்திகளில் வரும் ‘ஷிரோகாமி 2’ என்ற உருக்கில் கார்பன் 1 விழுக்காட்டைத் தாண்டும். அதனால்தான் உருக்கின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 60க்கு மேல் கடினமாகி, கூர் அபாரமாக நிற்கிறது. ஆனால் துருவைத் தடுக்கும் குரோமியம் அதில் ஏறக்குறைய இல்லை. புளி, எலுமிச்சை பட்ட கத்தியைக் கழுவாமல் வைத்தால், நம் ஈரக்காற்றில் சாப்பிட்டு எழுவதற்குள் கறை ஏறிவிடும். நீலமும் கறுப்புமாகப் படியும் கறையால் கெடுதல் இல்லை. செம்பழுப்புத் துருதான் அலகை அரிக்கும்.

குரோமியம் குறைந்தது 10.5 விழுக்காடு இருந்தால்தான் ஸ்டெயின்லெஸ் என்பார்கள். ஆனால் அந்தப் பெயர் கூரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மலிவான கத்திகளில் கார்பன் குறைவு, அதனால் சீக்கிரம் மழுங்கும். அலகில் ‘எக்ஸ்50சிஆர்எம்ஓவி15’ என்றிருந்தால் கார்பன் அரை விழுக்காடு, குரோமியம் 15, கடினம் சுமார் 56. ஜெர்மன் கத்திகளில் இதுவே அதிகம். ஜப்பானின் ‘விஜி-10’ உருக்கில் குரோமியம் அதே அளவுதான். கார்பன் சுமார் 1 விழுக்காடு, கடினம் 60ஐத் தொடும்.

கடினம் கூடினால் அலகு வளையாது, சில்லு பெயரும். விஜி-10 கத்தியால் ஆட்டெலும்பையோ உறைந்த மீனையோ வெட்டினால் விளிம்பில் பல் விழும். ஆகவே காய்கறிக்கும் மீன் சதைக்கும் ஜெர்மன் வகையோ விஜி-10ஓ ஒன்று, எலும்புக்குத் தடித்த சீன வெட்டுக்கத்தி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அதே அகல வடிவில் மெல்லிய காய்கறிக் கத்தியும் இருக்கும், முதுகு தடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கறிக்கடைக்காரரிடமே எலும்பை வெட்டித் தரச் சொன்னால் இரண்டாவது கத்திக்குச் செலவே வேண்டாம்.

வாங்குமுன் வெட்டும் பலகையையும் பாருங்கள். கண்ணாடி, பளிங்குப் பலகை எந்த உருக்கையும் மழுக்கிவிடும். மரமோ பிளாஸ்டிக்கோ நல்லது. 1000 எண் தீட்டுக்கல்லில் பழைய கத்தியை ஒருமுறை தீட்டிப் பாருங்கள். பிளவின் நடுவில் கத்தியை இழுத்துத் தீட்டும் சின்னக் கருவி ஜெர்மன் கத்திக்குப் பரவாயில்லை, விஜி-10 பக்கம் கொண்டுபோகாதீர்கள்.