கிட்டடியும் பக்கத்துக் காணியும்

வணக்கம் அண்ணை,

எங்கள் வயலுக்கும் குளக்கட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அந்த வயலைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த கடிதமொன்றில் குளத்துக்கு ‘அட்ஜேசன்ட்’ என்று இருக்கிறது. மகள் அதை ‘குளத்தை ஒட்டிய வயல்’ என்று தமிழில் எழுதினாள். அப்பா, “எங்கே ஒட்டிக்கிடக்கு? அப்ப வாய்க்கால் என்ன?” என்று சண்டைக்கு நிற்கிறார். யார் சரி? ‘கிட்ட’ என்று போட்டால் போதாதா?

வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

தம்பி,

நான் அப்பா பக்கம். மகளையும் குறை சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்தில் அடுத்துள்ள கோணங்கள் படித்திருப்பாள், ஆங்கிலத்தில் அவையும் ‘அட்ஜேசன்ட்’தான். அங்கே பொது உச்சியும் பொதுப் புயமும் இருந்தே ஆகவேண்டும், ஒட்டாமல் சரிவராது. கணக்கை விட்டு வெளியே வந்தால் அந்தச் சொல் அவ்வளவு கறார் இல்லை. லத்தீனில் அதற்கு ‘பக்கத்தில் கிடப்பது’ என்றுதான் பொருள். கிடந்தால் போதும், தொடவேண்டியதில்லை. தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அடித்துச் சொல்ல ‘அட்ஜொய்னிங்’ என்று வேறொரு சொல் இருக்கிறது. ஆகவே நடுவில் வாய்க்கால் ஓடினாலும் ஆங்கிலத்தில் பிழையில்லை. தமிழில் ‘ஒட்டிய’ என்றால்தான் வாய்க்கால் காணாமல் போய்விடும். ‘குளத்துக்கு அடுத்துள்ள’ என்று எழுதச் சொல்லுங்கள். (உங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் ஒட்டு வேறு. அது குரக்கன் அறுத்த பிறகு நிற்கிற ஒட்டு என்பது ஊர்க்கதை.)

‘கிட்ட’ போதாது. கிட்ட என்பது தூரத்தைப் பார்க்கிற சொல். ‘அட்ஜேசன்ட்’ என்பது நடுவில் அதே மாதிரி வேறொன்று கிடக்கிறதா என்று பார்க்கிற சொல். எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வளவில் தேங்காய் துருவினால் எனக்குக் கேட்கும், அவ்வளவு கிட்டடி. ஆனாலும் நடுவில் இன்னொருவர் வளவு இருக்கிறது, அதனால் அட்ஜேசன்ட் இல்லை. மறுபக்கம் பாருங்கள். கிளிநொச்சி மாவட்டம் 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது. ஆனையிறவோடு எல்லை முடிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதையும் தாண்டிப் பளைக்குப் போனாலும் நீங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில்தான் நிற்கிறீர்கள். இரண்டும் அடுத்தடுத்த மாவட்டங்கள். அதற்காகக் கிளிநொச்சி டவுனில் நின்றுகொண்டு யாழ்ப்பாணம் கிட்டடி என்பீர்களா? ஏ9 வீதியால் 60 கிலோமீற்றருக்கு மேல்.

இதனால்தான் ‘வெரி நியர்’ என்று சொல்கிறவர்கள் ‘வெரி அட்ஜேசன்ட்’ என்று சொல்வதில்லை. பிறகு, அதற்குப் பின்னால் ‘டு’ வரும், ‘வித்’ அல்ல. மகளிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, இது காணி விஷயம். குளத்து ஒதுக்குக்குள், அதாவது குளத்துக்கென்று ஒதுக்கிய நிலத்துக்குள், வயல் வருகிறது என்று நாளைக்கு யாராவது கிளப்பினால் இந்தச் சொல்லை வைத்து வாதாட முடியாது. நில அளவைப் படத்தை எடுத்து வாய்க்கால் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் காணிப் பெர்மிட்டில் மேற்கு எல்லை ‘பாதை’ என்று இருந்தது. யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்த பிரதியில் பாதையைக் காணவில்லை, பக்கத்துக் காணிக்காரர் எல்லைக்கு வந்துவிட்டார். அதைத் திருத்த இரண்டு வருடம் அலைந்தோம். அவர் நல்ல மனுசன், அந்த இரண்டு வருடமும் அதே பாதையால்தான் சைக்கிளில் போய்வந்தார்.