ஹெரால்டில் ஆம்னி என்ஜினை வைக்கலாமா?

கேள்வி: எங்கள் தாத்தா ஓட்டிய 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு வண்டி, ராஜபாளையத்து வீட்டுக் கொட்டகையில் 2001 முதல் நிற்கிறது. என்ஜின் ஜாம் ஆகிவிட்டது என்கிறார் மெக்கானிக். "அதை இறக்கிப் போட்டுவிட்டு ஆம்னி என்ஜினை வை, தினமும் ஓட்டலாம்" என்கிறான் மச்சான். "பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து அம்பாசடரோ பத்மினியோ வாங்கு, பார்ட்ஸாவது கிடைக்கும்" என்கிறார் சித்தப்பா. யார் பேச்சைக் கேட்பது? சரிபண்ணுவதென்றால் எங்கே தொடங்குவது? மாதாமாதம் கொஞ்சமாகத்தான் செலவழிக்க முடியும்.

பதில்: முதல் வேலை, அந்த வண்டியின் செல்ஃபை யாரும் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். "சும்மா ஒரு தடவை அடித்துப் பார்ப்போம்" என்று பேட்டரியோடு வரும் நண்பரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இருபது வருடத்துக்கு மேல் நின்ற என்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் லேசான துருவில் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் அவ்வளவுதான் 'ஜாம்' என்பதன் பொருள். அதைப் பொறுமையாக விடுவிக்கலாம். மோட்டாரை வைத்து வலுக்கட்டாயமாகச் சுற்றினால் ரிங் உடைந்து சிலிண்டரில் கோடு விழும். அதற்கப்புறம் செலவு வேறு மாதிரி.

இனி மச்சானின் யோசனை. மற்ற பல மாற்று என்ஜின்களைவிட ஆம்னி பொருத்தமானது என்பது உண்மைதான். மாருதி 800-இல் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை இழுக்கும் அதே 796 சிசி மூன்று சிலிண்டர் என்ஜின், ஆம்னியில் நீளவாட்டில் உட்கார்ந்து பின்சக்கரத்தைத் தள்ளுகிறது. ஹெரால்டும் பின்சக்கர வண்டி. ஆனால் கிடைப்பது என்ன? ஆம்னி என்ஜினின் திறன் சுமார் 35 குதிரைத்திறன். உங்கள் 948 சிசி என்ஜின் நல்ல நிலையில் தருவதும் ஏறக்குறைய அதேதான். அதற்காகச் சேஸிஸில் புதிய மவுன்டிங் வெல்டிங் செய்து, கியர் லீவருக்குத் துளை போட்டு, ரேடியேட்டர், ஸ்பீடோமீட்டர் கேபிள், எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதே பணத்தில் பழைய என்ஜினைப் புதிதுபோலச் செய்துவிடலாம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. வேறு கம்பெனியின், வேறு சிசி என்ஜினை வைத்துவிட்டு ஆர்.சி.யில் ஏற்றித் தாருங்கள் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் போய் நின்றால் எளிதில் வேலை நடக்காது. தவிர, 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதி 50 வயது தாண்டிய வண்டிகளுக்குத் தனி அந்தஸ்து தருகிறது. அதற்கு நிபந்தனையே சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றும் அசல் வடிவத்தில் இருப்பதுதான். உங்கள் வண்டிக்கு வயது தகுதி வந்துவிட்டது. ஆம்னி என்ஜினை வைத்த அன்றே அது போய்விடும்.

சித்தப்பா சொன்னதில் நியாயம் கூடுதல். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜின் மெத்தனமானது, முரட்டுத்தனமானது, எளிதில் சாகாதது. 2014 வரை உத்தர்பாராவில் வண்டி தயாரானதால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. பத்மினி, ஃபியட் 1100-இன் வாரிசு. 1089 சிசிதான், ஆனால் மூன்றில் சுறுசுறுப்பாகச் சுழல்வது அதுதான். ஓட்டும் சுகத்துக்கு என்னிடம் கேட்டால் பத்மினி என்பேன், குடும்பத்தோடு திருச்செந்தூர் போக அம்பாசடர். ஒன்று மட்டும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: இரண்டுமே தனிச் சேஸிஸ் இல்லாத வண்டிகள். பாடிதான் பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியும் தரையும் துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போனதாக அர்த்தம். சந்தையில் பளபளவென்று வரும் பல அம்பாசடர்களில் அந்த இடத்தை நிரப்பியிருப்பது பட்டியும் தகர ஒட்டும்தான். உங்கள் தாத்தா வண்டியின் துரு உங்களுக்குத் தெரிந்த துரு. வாங்கும் வண்டியில் பெயின்ட்டுக்கு அடியில் என்ன என்று விற்பவருக்கு மட்டுமே தெரியும்.

ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் வந்த கதை வேடிக்கையானது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-இல் பி.எம்.சி. என்ற போட்டி கார் கம்பெனி வாங்கிவிட்டது. முழுப் பாடியை ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாமல், துண்டு துண்டாகச் செய்து போல்ட்டால் முடுக்கிச் சேஸிஸ் மேல் உட்கார வைத்தார்கள். 1959-இல் அந்த ஸ்டாண்டர்ட் கம்பெனியின் ட்ரையம்ஃப் ஹெரால்டு வந்தது அப்படித்தான். வடிவம் இத்தாலியரான மிகெலோட்டியுடையது. வண்டலூரில் 1961 முதல் அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. நான்கு கதவு ஹெரால்டு இங்கே மட்டும்தான் உண்டு, ஆங்கிலேயர்களே பார்த்திராத வண்டி அது. பழைய இரும்புக்குப் போடச் சொல்லும்போது சித்தப்பாவுக்கு இது தெரிந்திருக்காது. இன்னொன்று, அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அந்தப் பி.எம்.சி.யின் வண்டிதான்!

போல்ட் வண்டி என்பதால் உங்களுக்கு லாபம் உண்டு. முன் மட்கார்டோடு பானெட் முழுவதும் முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். கெட்ட துண்டை மட்டும் கழற்றி டிங்கரிங்குக்கு அனுப்பலாம், மாதச் சம்பளக்காரருக்கு இது பெரிய வசதி. ஆனால் அவசரப்பட்டு எல்லாப் போல்ட்டையும் கழற்றிவிடாதீர்கள். கதவு இடைவெளி சரியாக இருப்பது போல்ட்டுக்கு அடியில் வைத்த சின்னத் தகட்டுத் துண்டுகளால். எந்த இடத்தில் எத்தனை தகடு என்று போட்டோ எடுக்காமல், பையில் போட்டுப் பெயர் எழுதாமல் கழற்றியவர்கள் அப்புறம் கதவு சாத்த வருடக்கணக்கில் போராடியிருக்கிறார்கள்.

ஆக, வேலையைக் கீழிருந்து தொடங்குங்கள். நான்கு பக்கமும் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. நடுச் சேஸிஸிலிருந்து இரு பக்கமும் கைபோல நீளும் தாங்கிகளைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று ஒலித்தால் இரும்பு இருக்கிறது. 'பொத்' என்றால் துரு. முதலில் போவது அந்தக் கைகள்தான். நடுச் சேஸிஸ் நன்றாக இருந்தால் கைகளைப் புதிதாகச் செய்து வெல்டிங் செய்துகொள்ளலாம். கதவுகளை மாட்டியே வைத்து, ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டும் மாற்றினால் பாடி கோணாது.

அடுத்து நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டிய இடம் முன்சக்கரம். ஹெரால்டில் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது 'ட்ரனியன்' என்கிற வெண்கலக் கட்டைக்குள் திருகியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. இதற்குக் கம்பெனி போடச் சொன்னது கியர் ஆயில், 90 நம்பர். கிரீஸ் அல்ல. நம் ஊர் பட்டறைகளில் நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் கன்னை வைத்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை போகாது, நாளடைவில் கட்டியாகிவிடும். உள்ளே தண்ணீர் இறங்கித் தண்டை அரிக்கும். ஒருநாள் வண்டியைத் திருப்பும்போது தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கும். நான் தொழில் கற்ற காலத்தில் இதே தவற்றைச் செய்தேன். வாடிக்கையாளர் வண்டிக்குப் புத்தம்புது கிரீஸ் அடித்துப் பெருமையாக அனுப்பிவைத்தேன். சில மாதம் கழித்துக் கடைவீதித் திருப்பத்தில் இடது சக்கரம் படுத்துவிட்டது. நடை வேகம் என்பதால் யாருக்கும் அடியில்லை. அதுவே தேசிய நெடுஞ்சாலையில் நடந்திருந்தால்? இரண்டு பக்கமும் கழற்றி, மரையில் துருப் பள்ளம் தெரிந்தால் தண்டை மாற்றிவிடுங்கள், யோசிக்க வேண்டாம். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் நிரப்புங்கள். அப்புறம் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் அதற்கும் முன்பே. இடது, வலது மரைகள் எதிரெதிர்த் திசையில் வெட்டியவை என்பதால் பாகம் மாறிவிடாமல் பாருங்கள்.

பிரேக்கில் பாதி வேலை என்பதே கிடையாது. ஒரே சுற்று ஹைட்ராலிக், எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புதுப்பியுங்கள். டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பழையதை வைத்துக்கொள்ள வேண்டாம், ரப்பர் செத்திருக்கும்.

இப்போது என்ஜின். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெயோ, ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயோடு கொஞ்சம் டீசல் கலந்ததோ ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். தினமும் கொஞ்சம் ஊற்றுங்கள். பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து தரையில் இறக்கி, டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். விரல் அளவு நகர்ந்தாலே பாதி வெற்றி. பத்து நாளாகியும் அசையவில்லை என்றால்தான் ஹெட்டை இறக்க வேண்டும். சுற்றத் தொடங்கிய பின் ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னே தள்ளினால் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. இந்தக் குடும்பத்து என்ஜினுக்கு அது பரம்பரை நோய். கழன்று விழுந்தால் பிளாக்கையே தின்றுவிடும்.

அந்தக் குடும்பம் பெரியது. 1953-இல் ஸ்டாண்டர்ட் எய்ட்டில் 803 சிசியாகப் பிறந்து, 1493 சிசி வரை வளர்ந்து, 1980 வரை ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் ஓடியது. ஆகவே பிரிட்டனில் பழைய ட்ரையம்ஃப் பாகங்கள் விற்பவர்களிடம் இன்றும் நிறைய கிடைக்கும். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் ஒருநாள் அலைந்து பார்த்துவிட்டு, கிடைக்காததை மட்டும் அங்கிருந்து வரவழையுங்கள். ஆர்டர் போடும்போது ஒரு கண்ணி உண்டு. மோரிஸ் மைனர் 1000-இலும் 948 சிசி என்ஜின் இருந்தது. அது பி.எம்.சி.யின் வேறு என்ஜின், அதன் பாகம் இதற்குப் பொருந்தாது. உங்களுடையது 63 மி.மீ. விட்டம், 76 மி.மீ. ஸ்ட்ரோக். சிசியை மட்டும் சொல்லி வாங்கினால் மைனரின் பிஸ்டன் வந்து சேரும், திருப்பி அனுப்பத் தபால் செலவும் உங்களுடையது.

ஹெட்டை எப்படியும் லேத்துக்கு அனுப்ப நேர்ந்தால், எக்ஸாஸ்ட் வால்வுகள் வந்து உட்காரும் இடத்தில் கடின சீட் போடச் சொல்லுங்கள். அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம்தான் வார்ப்பிரும்பு சீட் தேயாமல் காத்தது. 2000-இல் ஈயம் நாடு முழுக்கப் போய்விட்டது. இப்போது வருவதோ 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமையும் இளக்கும், ஈரத்தை இழுத்து டேங்கைத் துருவாக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ், டயாஃப்ரம் போட்டுவிட்டு, நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள்.

வயரிங்கில் ஒரே எச்சரிக்கை. அந்தக் கால ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடிக்குப் போகும். பேட்டரி மாட்டும் முன் எந்த முனை எர்த் என்று பாருங்கள். இன்றைய பழக்கத்தில் மாட்டி, மேலே எலெக்ட்ரானிக் இக்னிஷனும் வைத்தால் முதல் நிமிடமே கருகும்.

ஆர்.சி. தாத்தா பெயரில் இருந்தால் அதை இப்போதே தொடங்குங்கள், வண்டி வேலையைவிட அதற்கு நாள் பிடிக்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, படிவம் 31-இல் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் சுத்தம் செய்து பென்சில் பிரின்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். துருவைத் தேய்க்கும் ஆர்வத்தில் எண்ணையே தேய்த்து அழித்தவர் இருக்கிறார்கள், கிரைண்டரை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். விண்டேஜ் பதிவில் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பழுது தவிர அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லை. மச்சான் சொல்வதுபோல் அடிக்கடி ஓட்டும் எண்ணம் இருந்தால் ஆர்.சி.யின் சாதாரணப் புதுப்பிப்பே போதும்.

பெயின்ட் கடைசியில். கொட்டகையில் இருக்கும் வண்டிக்கு முதல் மாதமே பெயின்ட் அடித்தவர்கள் எத்தனையோ பேர், பிரேக்குக்குக் காசில்லாமல் பளபளக்கும் வண்டியைப் படுதா போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

வண்டி ஓடத் தொடங்கியதும் குற்றாலம் பக்கம் போவீர்கள், தெரியும். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக மடங்கும் அச்சில் இருப்பவை. வேகமாக வளைவில் போய் நடுவில் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி சுற்றப் பார்க்கும். 1970-களில் ஸ்டாண்டர்ட் கம்பெனியே கொண்டுவந்த கெஸல் காரில் இதை மாற்றிச் சாதாரண அச்சு போட்டதே இந்த மடங்கும் அச்சின் மேல் இருந்த அதிருப்தியால்தான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவு முழுக்கக் காலை லேசாக ஆக்ஸிலேட்டரில் வைத்திருங்கள். சித்தப்பாவைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள், பாரம் இருந்தால் பின்பக்கம் இன்னும் படிந்து ஓடும்.