அஜிலிட்டி பயிற்சியில் என் நாய் அகலமாகத் திரும்புகிறது, கம்பியைத் தட்டுகிறது. நான் இன்னும் வேகமாக ஓட வேண்டுமா?

நாம் கூடவே ஓடி வழிகாட்ட, கம்பி போட்ட தடைகளை நாய் வரிசையாகத் தாண்டி ஓடும் விளையாட்டுதான் அஜிலிட்டி. தடைகளைத் தனித்தனியாக வைத்தால் ஒழுங்காகச் செய்யும் நாய், நாலைந்தை வரிசையாக வைத்தால் திருப்பத்தில் விலகிப் போகிறது, கம்பியைத் தள்ளிவிடுகிறது, சில சமயம் நின்று உங்களைப் பார்த்துக் குரைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஓட்டம் போதவில்லையோ என்பது உங்கள் சந்தேகம்.

ஓட்டத்தை விடுங்கள். நீங்கள் சொல்வது நாய்க்குத் தாமதமாகப் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான். இது எனக்கு விளங்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் நான் நாயைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த வருத்தத்தோடுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பொள்ளாச்சிக்காரர்களுக்குத் தெரிந்த இடம்தான். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம். செவலை என்பது என் நாயின் பெயர், நிறமும் அதுதான். நாட்டு நாய், மூன்று வயது. பயிற்சி நடப்பது எங்கள் தென்னந்தோப்பில். தடைகள் எல்லாம் பிளம்பிங் கடையில் வாங்கிய பிவிசி பைப்பில் நானே செய்தவை.

முதலில் போனில் வீடியோ எடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு யாரும் பின்னால் ஓட வேண்டாம். ஒரு மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் போதும். திருப்பம் இருக்கும் தடை பக்கவாட்டில் தெரிய வேண்டும், உங்கள் கால்களும் நாயும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படம் இருக்கும். ஸ்லோ மோஷனில் 120 அல்லது 240 கிடைக்கும். அதை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள்.

நான் அப்படிப் பார்த்த முதல் நாள் வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'சுத்து' என்று நான் சொல்ல வாயைத் திறக்கும்போது செவலையின் நான்கு கால்களும் ஏற்கெனவே தரையில் இல்லை. காற்றில் இருக்கும் நாயால் பாதையை மாற்ற முடியாது. எந்தக் கோணத்தில் எழும்பியதோ அதே கோணத்தில்தான் போய் இறங்கும். இறங்கிய பிறகு திரும்பினால் அகலமாகத்தான் திரும்ப முடியும். அதையும் மீறி என் சொல்லுக்காக அவள் காற்றிலேயே உடம்பை முறுக்கப் பார்த்த இடங்களில் பின்னங்கால் தாழ்ந்து கம்பி விழுந்திருக்கிறது. நான் 'கவனமில்லாத நாய்' என்று சொன்ன ஒவ்வொரு கம்பியும் இப்படி விழுந்ததுதான்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். எங்கள் தோப்பில் தென்னைக்குத் தென்னை 25 அடி, அதாவது ஏழரை மீட்டர். அந்தத் தூரத்தைச் செவலை ஒன்றரை நொடியில் கடக்கிறாள். நொடிக்கு 5 மீட்டர். நீங்கள் அரை நொடி தாமதித்தால் நாய் இரண்டரை மீட்டர் போயிருக்கும். கண்ணால் பார்த்து உடம்பு அசையவே நமக்கு ஏறக்குறைய 0.2 நொடி ஆகும், அதற்குள் ஒரு மீட்டர் போய்விடுகிறது. அப்புறம் வாயைத் திறந்து ஒரு சொல்லை முடிக்கும் நேரம் வேறு. ஆக, 'நாய் தாண்டியதைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்' என்ற முறையே சரிவராது. எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதை ஈடுகட்ட முடியாது.

அப்படியானால் எப்போது சொல்வது? நாய் ஒரு தடையை நோக்கி வரும்போது, எழும்புவதற்கு இரண்டு மூன்று எட்டுக்கு முன்பே அதன் கண் கம்பியில் பதிந்துவிடும். 'இதைத் தாண்டத்தான் போகிறேன்' என்று அது முடிவு செய்த இடம் அது. அந்தக் கணத்திலிருந்து அந்தத் தடை நாயின் பொறுப்பு. நீங்கள் அதை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் வரும் திருப்பத்தைச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்போதும் நாயின் கால் தரையில் இருக்க வேண்டும். அப்போதுதான் அது தன் எட்டைச் சுருக்கி, உடம்பைக் கூட்டி, திருப்பத்துக்குத் தோதாக எழும்பும்.

இதை எனக்கு ஒரே வரியில் புரியவைத்தவர் என் அப்புச்சி. எண்பது வயசு, வாலிபத்தில் ஏர் ஓட்டியவர். களத்து மேட்டில் உட்கார்ந்து ஒரு வாரம் எங்கள் பயிற்சியைப் பார்த்தவர் ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏங் கண்ணு, மாடு வரப்புல முட்டுனதுக்கு அப்புறமா திருப்புவாங்க? நாலு எட்டு இருக்கறப்பவே கயித்துல சொல்லோணும். அது தெரிஞ்சுக்கிட்டுத் தானாத் திரும்பும்."

கயிற்றில் சொல்வது என்று அவர் சொன்னதற்கு நம்மிடம் உள்ளது உடம்பு. அஜிலிட்டியில் கயிறு கிடையாது. போட்டியில் நாயைத் தொட்டாலும் பிழை. நாய் முதலில் படிப்பது உங்கள் ஓட்டத்தை, பிறகு பாதமும் தோளும் எந்தத் திசையில் இருக்கின்றன என்பதை, அப்புறம்தான் கையை. குரல் கடைசி. நீங்கள் முழு வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே 'சுத்து' என்று கத்தினால் உடம்பு 'நேரே போ' என்கிறது, வாய் 'திரும்பு' என்கிறது. நாய் உடம்பைத்தான் நம்பும். திருப்பத்துக்கு முன்னால் உங்கள் ஓட்டம் தணிய வேண்டும். தடைக்குப் பக்கத்தில் வந்து சட்டென்று நிற்பதும் தாமதம்தான். நாய் எழும்புவதற்கு முன் உங்கள் எட்டு குறைவதை அது பார்த்திருக்க வேண்டும். ஒரு வாரம் வாயைத் திறக்காமல் ஓடிப் பாருங்கள். கால் எங்கே பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது.

சொற்களைப் பற்றியும் ஒன்று. பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண் என்னோடு பயிற்சிக்கு வருவாள், மலையாளப் பிள்ளை. அவள் 'சாடு' என்பாள், நான் 'தாண்டு' என்பேன், அவசரத்தில் 'தாவு' என்பேன். செவலைக்கு எது எதுவென்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தயங்கினாள். இப்போது இரண்டு பேருக்கும் 'சாடு' மட்டும்தான். சொல் குறுகியதாக, ஒன்றோடொன்று ஒலியில் ஒட்டாததாக இருக்கட்டும்.

இனி ஃப்ரண்ட் கிராஸ். பெரும்பாலோர் தாமதிப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாய்க்கு முன்னால் நீங்கள் போய், அதைப் பார்த்தபடி திரும்பி, இடக்கைப் பக்கம் வந்த நாயை வலக்கைப் பக்கத்துக்கு மாற்றுவது இது. நாய் தடையைத் தாண்டி இறங்கும்போது நீங்கள் திரும்பிக்கொண்டிருக்கக் கூடாது. திரும்பி முடித்து, புதிய பாதையில் ஓர் எட்டு வைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், அவள் தாண்டுகிறாளா என்று பார்க்க நின்றுவிடுவேன். பிறகு அவசரமாகச் சுழல்வேன், சுழலும்போது அவள் ஓட வேண்டிய கோட்டிலேயே நிற்பேன். என்னைச் சுற்றிப் போகத்தான் அவள் அகலமாகத் திரும்பினாள். சுழலும் இடத்தை நாயின் பாதைக்கு ஓர் எட்டு தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால் ஃப்ரண்ட் கிராஸ் செய்யவே வேண்டாம். தாமதமான ஃப்ரண்ட் கிராஸைவிட நேரத்துக்குச் செய்த ரியர் கிராஸ் எவ்வளவோ மேல்.

ரியர் கிராஸில் நாய்க்குப் பின்னால் பக்கம் மாறுகிறீர்கள். மிக முந்தினால் நாய் தடையைத் தாண்டாமல் விலகிவிடும். பிந்தினால் தாண்டி இறங்கி, தப்பான பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும். நாய் கம்பிக்கு இரண்டு எட்டு தொலைவில் இருக்கும்போதே உங்கள் ஓட்டம் கம்பியின் நடுப்பகுதியை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நாய்க்கு முன்னால், அதற்கு முதுகைக் காட்டியபடி பக்கம் மாறும் பிளைண்ட் கிராஸை மற்ற இரண்டும் கைகூடிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் நாயை வைத்துக்கொண்டு பழகக் கூடாது. இந்த விளையாட்டு 1978-இல் லண்டனில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைத் தாண்டலைப் பார்த்து உருவானது. குதிரை ஓட்டுபவர்போலவே இங்கேயும் போட்டிக்கு முன் நாய் இல்லாமல் நாம் மட்டும் மைதானத்தை நடந்து பார்க்கலாம். நாய் அந்த வரிசையை முன்கூட்டிப் பார்ப்பதே இல்லை. எல்லாத் தகவலும் நம்மிடமிருந்துதான் போக வேண்டும் என்றால், நம் கால்களுக்கு அது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

தேங்காய் மட்டைகளைப் போட்டு எங்கே எட்டைக் குறைப்பது, எங்கே சொல்வது, எங்கே சுழல்வது என்று குறித்துக்கொள்கிறேன். பத்து முறை தனியாக ஓடுகிறேன். அப்புறம் அந்தப் பெண் நாய்க்குப் பதிலாக ஓடுவாள். நான் பிந்தினால் தோப்பு முழுக்கக் கேட்கும்படி "வைகிப் போயி!" என்று கத்துவாள். செவலையைவிட மெதுவாக ஓடும் ஒருத்திக்கே நான் தாமதமாகச் சொல்லியிருக்கிறேன் என்பது அப்படித்தான் தெரிந்தது.

பரிசு கொடுக்கும் இடமும் முக்கியம். நாய் உங்களிடம் திரும்பி வந்த பிறகு கையில் இருந்து கொடுத்தால், அடுத்த முறை தாண்டும்போதே உங்கள் கையைப் பார்க்கும். பந்தையோ தின்பண்டத்தையோ நாய் போக வேண்டிய பாதையில், அது இறங்கும் முன்பே எறியுங்கள்.

கம்பி விழுந்தால் 'ச்சீ' சொல்லாதீர்கள், நிறுத்தாதீர்கள், ஓடி முடியுங்கள். உங்கள் நாய் நின்று குரைக்கிறது என்றீர்களே, அது அடம் இல்லை, 'அடுத்து எங்கே?' என்ற கேள்வி. நான் அதற்குத் திட்டியதில் செவலை ஒவ்வொரு தடைக்கும் முன் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து மெதுவாக ஓடத் தொடங்கினாள். அந்தப் பழைய ஓட்டம் திரும்பி வர நான்கு மாதம் ஆனது.

நேரத்தைப் பழகும் இந்தக் காலத்தில் கம்பியை 20, 30 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டாம். தவறு நம்முடையதாக இருக்கும்போது அதன் மூட்டுகள் ஏன் வருந்த வேண்டும்? ஒன்றரை வயது ஆகாத நாய்க்கு முழு உயரம் வேண்டவே வேண்டாம். கம்பியைக் கட்டி வைக்காதீர்கள், பட்டதும் விழ வேண்டும். சிவப்புப் பெயிண்டும் வேண்டாம். புல்தரையில் அது நாய்க்குத் தனியாகத் தெரியாது, நீலமும் மஞ்சளும் தெரியும். தோப்பில் பழகுவதானால் சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி வையுங்கள், காய் பறித்து முடிந்த வரிசையைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் பக்கம் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். காலை ஏழுக்குள் முடித்துவிடுகிறேன். ஒரு காலைக்கு நாலைந்து ஓட்டம், ஒவ்வொன்றும் அரை நிமிடம்கூட இல்லை.

இந்த வாரம் இரண்டே தடை, ஒரே திருப்பம் வையுங்கள். நாய் எழும்பும் படத்தையும் உங்கள் வாய் திறக்கும் படத்தையும் வீடியோவில் தேடி, நடுவில் எத்தனை படம் என்று எண்ணுங்கள். 30 படம் ஓடும் வீடியோவில், உங்கள் சொல் எழும்புவதற்குப் பத்துப் படம் முன்னால் வந்திருந்தால் நல்ல தொடக்கம். எனக்கு முதல் நாள் அது எழும்பியதற்கு ஆறு படம் பின்னால் இருந்தது. வீடியோவை இங்கே போட்டால், கம்பி விழுந்த இடத்தில் நிறுத்திப் பார்த்துச் சொல்கிறேன். உங்கள் கால்கள் படத்தில் தெரியட்டும்.