வீட்டுத் தவணையைவிடக் கார்ச் செலவு அதிகம்: கூடுவாஞ்சேரி வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு 33 வயது. கிண்டியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை, கைக்கு 34,000 ரூபாய். கணவருக்குத் தரமணியில் வேலை, 78,000 வருகிறது. மகள் இரண்டாம் வகுப்பு. 2021-இல் கூடுவாஞ்சேரியில், ஸ்டேஷனிலிருந்து நெல்லிக்குப்பம் சாலையில் 4 கி.மீ. உள்ளே, இரண்டு படுக்கையறை ஃப்ளாட் வாங்கினோம். வீட்டுக் கடன் பாக்கி 31 லட்சம், வட்டி 8 சதவீதம், தவணை 28,000. உள்வேலைக்கு எடுத்த பர்சனல் லோனில் பாக்கி 1.45 லட்சம், தவணை 7,000. போக வர முடியவில்லை என்று இரண்டு வருடம் முன்பு 7 வருடக் கடனில் கார் எடுத்தோம். பாக்கி 7 லட்சம், தவணை 14,700. கணவர் ஒரு வழிக்கு 34 கி.மீ. ஓட்டுகிறார். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. நான் ஆட்டோ (மாதம் 2,600), ரயில் என்று ஒன்றரை மணி நேரம். வீட்டில் ஒரு ஸ்கூட்டரும் இருக்கிறது. வங்கியில் வைப்பு 2.5 லட்சம் மட்டும்.

இப்போது மூன்று யோசனைகள். இதை விற்று மேடவாக்கத்தில் 78 லட்சத்துக்கு ஒரு பழைய ஃப்ளாட் வாங்கலாம் என்கிறார் கணவர். மெட்ரோ வரப்போகிறது, விலை ஏறும், விற்காதே, இருக்கும் வீட்டுக் கடன் மேலேயே டாப்-அப் கடன் 12 லட்சம் எடுத்து மதுராந்தகம் பக்கம் பண்ணை நிலம் போடு என்கிறார் என் அண்ணன். வேளச்சேரியில் 22,000 வாடகைக்கு வீடு பார்த்தோம். சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாடகை வீடா என்று மாமனார் கோபப்படுகிறார். எங்கள் மாடியில் இதே அளவு வீடு 10,500-க்கு வாடகைக்குப் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வீடு வாங்கியதில் பெரிய தவறு எதுவும் இல்லை. மறைமலைநகரிலோ மகிந்திரா சிட்டியிலோ ஒரகடத்திலோ வேலை பார்க்கும் குடும்பத்துக்கு உங்கள் வீடு அருமையான இடம். நீங்கள் இருவரும் வேலை பார்ப்பது எதிர்த் திசையில், நகரத்துக்குள். அந்தத் தூரம் தொந்தரவு கொடுக்கும்போதெல்லாம் ஒரு கடன் வாங்கிச் சமாளிக்கிறீர்கள். முதலில் கார் வந்தது. இப்போது டாப்-அப், அல்லது மேடவாக்கம். இந்தப் பழக்கத்தை நிறுத்துவதுதான் என் பதிலின் முக்கால் பங்கு.

காரின் உண்மையான செலவைப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு நாளைக்கு 68 கி.மீ., மாதம் 22 நாள் என்றால் சுமார் 1,500 கி.மீ. வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் நெரிசலில் லிட்டருக்கு 14 கி.மீ. கிடைத்தாலே நல்லது. 107 லிட்டர், லிட்டர் 101 ரூபாய், ஆக 10,800. வருடத்துக்கு 18,000 கி.மீ. ஓடும் வண்டிக்கு வருடம் இரண்டு சர்வீஸ் வரும், இரண்டேகால் வருடத்துக்கு ஒரு முறை நான்கு டயரும் மாற்ற வேண்டும். அதோடு காப்பீட்டையும் சேர்த்து மாதம் 4,000 வையுங்கள். தவணை 14,700-ஐக் கூட்டினால் 29,500. வீட்டுக் கடன் தவணையே 28,000 தான். குறைந்த விலை என்று ஊருக்கு வெளியே வாங்கிய வீட்டைவிட, அந்த வீட்டிலிருந்து ஆபீஸ் போய் வரும் வண்டிக்கு அதிகம் கட்டுகிறீர்கள். வீடாவது சொத்து. கார் வருடா வருடம் விலை இறங்கும்.

இதில் உங்கள் ஆட்டோ 2,600 தனி. கடிதத்தில் கணவரின் ஒன்றே முக்கால் மணி நேரத்தைத்தான் பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையதும் தினம் மூன்று மணி நேரம். இரண்டு பேருக்குமாக மாதம் 140 மணி நேரத்துக்கு மேல் வழியில் கழிகிறது. அதை ரூபாயில் எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அந்த நேரமெல்லாம் அந்தக் குழந்தை யாரிடம் இருக்கிறது என்று யோசியுங்கள்.

மேடவாக்கம் யோசனையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். உங்கள் வீடு 44 லட்சத்துக்குப் போனாலும் கடனும் தரகும் கழித்தால் கையில் 12 லட்சம் சொச்சம் நிற்கும். 78 லட்சம் பழைய ஃப்ளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 7 லட்சம். தரகு சேர்த்தால் மொத்தம் 86 லட்சம் வேண்டும். 30 முதல் 75 லட்சம் வரையான கடனில் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. அதனால் 62 லட்சம் கிடைக்கும். இன்னும் 12 லட்சம் துண்டு விழும். அதற்கு மறுபடி பர்சனல் லோனா? 62 லட்சத்துக்கு 8 சதவீதத்தில் 20 வருடத் தவணை 51,800. காரும் பர்சனல் லோனும் சேர்ந்தால் 73,500. உங்கள் வருமானம் 1,12,000. வேண்டாம்.

அண்ணனின் நிலம் பற்றி நான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். இப்போது பண்ணை நிலம் என்று சதுர அடிக் கணக்கில் மாமரம், தேக்கு, வாரக் கடைசியில் தங்கும் குடில் என்றெல்லாம் காட்டி விற்பது பெரிய மோகமாகிவிட்டது. விவசாய நிலத்தில் நினைத்தபடி வீடு கட்ட முடியாது. நில உபயோக மாற்றம் தேவை. சில திட்டங்களில் உங்கள் பெயருக்குத் தனிப் பட்டா வராது, மொத்த நிலத்தில் பிரிக்கப்படாத ஒரு பங்குதான் வரும். அந்தப் பங்கை அவசரத்துக்கு யாரும் வாங்க மாட்டார்கள். பராமரிப்புக் கட்டணம் மட்டும் வருடா வருடம் தவறாமல் வரும். வருமானம் உறுதி என்று சொன்னால் இன்னும் தள்ளி நில்லுங்கள். சர்வே எண், பட்டா, அ-பதிவேடு (நில விவரப் பதிவு), புலப்படம் (நில அளவை வரைபடம்), 30 வருட வில்லங்கச் சான்று ஆகியவற்றை அண்ணனிடம் கேளுங்கள். ஆனால் எல்லாத் தாளும் சரியாகவே இருந்தாலும் என் பதில் மாறாது. 12 லட்சம் டாப்-அப், 8.75 சதவீதம், 15 வருடம் என்றால் மாதம் 12,000. இப்போதே வருமானத்தில் 44 சதவீதம் தவணைக்குப் போகிறது. அது 55 ஆகும். ஒருவருக்கு மூன்று மாதம் வேலை இல்லை என்றால் அடமானத்தில் இருப்பது நீங்கள் குடியிருக்கும் வீடு. அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். தவணை கட்டப்போவது அவர் இல்லை.

மெட்ரோவையும் கேட்டிருந்தீர்கள். பேசப்படுவது விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரையான நீட்டிப்பு, 15.46 கி.மீ. அது முழுதாக வந்தாலும் கிளாம்பாக்கத்தில் முடியும். உங்கள் வீடு அங்கிருந்து ஏறக்குறைய 10 கி.மீ. தள்ளி. அந்தத் தடம் தரமணிக்கும் போகாது. விலை ஏறினால் ஏறட்டும், வீடு உங்கள் பெயரில்தானே இருக்கப்போகிறது. அதற்காக அங்கேயே குடியிருக்க வேண்டியதில்லை.

அதனால் என் யோசனை: கூடுவாஞ்சேரி வீட்டை வாடகைக்கு விடுங்கள், வேளச்சேரியில் வாடகைக்குப் போங்கள், காரை விற்றுவிடுங்கள். மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும். காரை வைத்துக்கொண்டு இடம் மட்டும் மாறினால் 14,700 தவணையும் காப்பீடும் அப்படியே நிற்கும், அதற்கு மேல் வாடகை ஏறும், ஆறு மாதத்தில் மூச்சு முட்டும். கோயிலுக்கும் ஊருக்கும் போக கார் வேண்டும் என்று கணவர் சொல்வார். மாதம் இரண்டு தடவை வாடகைக் கார் எடுத்தால் போதும்.

கணக்கு இப்படி வரும். கார் 29,500, ஆட்டோ 2,600, மொத்தம் 32,100 நிற்கிறது. புது வீட்டு வாடகையும் பராமரிப்பும் 23,500, ஸ்கூட்டர் பெட்ரோல், ரயில், வாடகைக் கார் எல்லாம் 4,000, ஆக 27,500. உங்கள் வீட்டு வாடகை 10,500 என்றாலும் வருடத்தில் ஒரு மாதம் காலி, பெயின்ட், குழாய் ரிப்பேர் என்று கழித்து 9,000 என்றே வையுங்கள். கூடுதல் செலவு 18,500. மாதம் 13,600 மிஞ்சுகிறது. வாடகை வருடம் 5 சதவீதம் ஏறினால் ஐந்து வருடம் கழித்து 28,000-ஐத் தொடும். அப்போதும் இப்போதைய நிலையைவிட மேல்தான்.

வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் தரமணி இரண்டாவது நிறுத்தம். நீங்கள் கிண்டிக்குப் பேருந்திலேயே போகலாம், சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. வீடு பார்க்கும்போது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் 2015-லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற இடங்கள். இரண்டு வருடத்திலும் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று தரகரைக் கேட்காமல் எதிர்வீட்டிலும் மளிகைக் கடையிலும் கேளுங்கள். தரைத்தளம் வேண்டாம். மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, கோடையில் லாரித் தண்ணீருக்குத் தனியாகப் பணம் கேட்பார்களா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

முன்பணம் பற்றி. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் இடம் விட்டிருக்கிறது. ஆறு மாதம் கேட்டால் 1.32 லட்சம். மூன்றில் பேச்சை ஆரம்பியுங்கள். உங்கள் குடித்தனக்காரர் தரும் முன்பணத்தைத் தொடாதீர்கள். அது திருப்பித் தர வேண்டிய பணம், தனிக் கணக்கில் இருக்கட்டும். இரண்டு வீட்டுக்கும் எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள்.

கார் விற்கும் முன் கடன் கொடுத்த இடத்தில் முழுத் தொகை முடிப்புக் கணக்கு எழுத்தில் வாங்குங்கள். கார்க் கடன் பெரும்பாலும் மாறாத வட்டியில் இருக்கும், முன்கூட்டி முடிக்கக் கட்டணம் உண்டு. 4 சதவீதம் என்று வைத்தால் 28,000. வண்டி 6.5 லட்சத்துக்குப் போனால் கையிலிருந்து 78,000 போட வேண்டும். கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வாங்கி ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி. புத்தகத்திலிருந்து கடன் பதிவை நீக்க வேண்டும். வாங்குபவர் பெயருக்கு மாற்ற 29, 30 எண் படிவங்கள். பெயர் மாறிய ஆர்.சி.யை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை விடாதீர்கள். மாறாமல் ஓடும் வண்டி இடித்தால் வழக்கு உங்கள் கணவர் பெயரில் வரும்.

இதில் 2.5 லட்சம் வைப்பு ஏறக்குறைய கரைந்துவிடும், தெரிந்தேதான் சொல்கிறேன். அதனால் முதல் நான்கு மாத மிச்சத்தை அப்படியே வங்கியில் வையுங்கள். அதன் பிறகு 13,000-ஐ பர்சனல் லோன் தவணையோடு சேர்த்துக் கட்டினால் ஆறேழு மாதத்தில் அது முடியும். முடிந்ததும் மாதம் 20,000 கையில் நிற்கும். அதில் 10,000-ஐ வீட்டுக் கடனுக்குக் கூடுதலாகக் கட்டுங்கள். இப்போது நீங்கள் கட்டும் 28,000-இல் அசலுக்குப் போவது 7,300 தான், கடன் முடிய இன்னும் 17 வருடம் ஆகும். 38,000 கட்டினால் 10 வருடத்தில் முடியும். மாறும் வட்டிக் கடனுக்கு இதற்குக் கட்டணம் கிடையாது. தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதம் 2025-இல் 6.50-இலிருந்து 5.25-க்கு இறங்கியது. உங்கள் வட்டியும் இறங்கியதா என்று கணக்குத் தாளில் பாருங்கள். வீட்டுவசதி நிறுவனத்தில் வாங்கிய கடன் என்றால் தானாக இறங்காமல் இருக்கலாம். மாற்றுக் கட்டணம் கட்டிக் கேட்க வேண்டியிருக்கும்.

வருமான வரி பயம் வேண்டாம். புதிய வரி முறையிலும், வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டியை அந்த வாடகை வருமானத்தில் கழிக்கலாம். நீங்கள் கட்டும் வட்டிக்கு அந்த வாடகை முழுவதும் அடிபட்டுப் போகும்.

மாமனாரிடம் வீட்டைப் பூட்டவில்லை என்று சொல்லுங்கள். உள்ளே ஒரு குடும்பம் இருந்து, வீட்டுத் தவணையில் மூன்றில் ஒரு பங்கை மாதா மாதம் கட்டப்போகிறது. காருக்குப் போகும் 29,500-ஐக் கணவரே ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டட்டும். நீங்கள் சொன்னால் மருமகள் பேச்சாகிவிடும்.

மாறுவது ஏப்ரல், மே மாதத்தில் இருக்கட்டும். மூன்றாம் வகுப்பு சேர்க்கைக்கு ஜனவரியிலேயே வேளச்சேரிப் பள்ளிகளில் விசாரியுங்கள், வீடு கிடைத்த பிறகு பள்ளி தேடினால் இடம் இருக்காது. அதுவரை கணவர் வாரத்தில் மூன்று நாளாவது ஸ்கூட்டரை ஸ்டேஷனில் விட்டுவிட்டு, சீசன் டிக்கெட்டில் கிண்டி வரை ரயில், அங்கிருந்து பேருந்து என்று போய்ப் பார்க்கட்டும். காலை 7 மணிக்கு முன் கிளம்பும் வண்டிகளில் கொஞ்சம் நிற்க இடம் கிடைக்கும். தாம்பரத்தில் கிடைப்பதுபோல் அடுத்தடுத்து ரயில் உங்கள் பக்கம் இல்லை என்பதால் நேரம் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். காரில் ஆகும் அதே ஒன்றே முக்கால் மணி நேரம்தான் இதிலும் ஆகும்.

டாப்-அப்புக்கு ஏற்கெனவே விண்ணப்பம் கொடுத்திருந்தால் பணம் கணக்கில் ஏறும் முன் இந்த வாரமே ரத்து செய்யுங்கள். கிளையில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.