ஃபாலோயர் துபாயில், ஓட்டு தக்கலையில்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வேட்பாளருக்காக உள்ளூர் ரீல்ஸ்காரர்கள் பதினைந்து பேரை வைத்து வேலை செய்ய இரண்டு ஏஜென்சிகள் பேசுகின்றன. ஒன்று சென்னை, ஒன்று நாகர்கோவில். சென்னைக்காரர் ‘பத்து லட்சம் வியூஸ் கியாரண்டி’ என்கிறார். யாரைப் பிடிப்பது?
– ஒன்றியப் பொறுப்பாளர், தக்கலை

பதில்: கியாரண்டி கொடுப்பவரை முதலில் கழித்துவிடுங்கள். வியூஸுக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. ஏற்கிறார் என்றால், எங்கோ காசு கொடுத்து வியூஸ் வாங்கி உங்கள் கணக்கில் எழுதப்போகிறார் என்று பொருள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. இங்கே வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருக்கிற ஊர்கள் உண்டு. படிப்புக்கும் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் திருவனந்தபுரம் போய் வருகிறவர்கள் ஏராளம். ஊர்ப் பாசத்தில் உள்ளூர் பேஜை விடாமல் பார்ப்பவர்களும் அவர்கள்தான். ஆனால் வாக்குப்பதிவு அன்று அவர்களில் பலர் வரிசையில் நிற்கப் போவதில்லை. ஆகவே ‘எத்தனை ஃபாலோயர்’ என்று கேட்காதீர்கள், ‘எந்த ஊர் ஃபாலோயர்’ என்று கேளுங்கள். இன்ஸ்டாகிராமில் புரொஃபஷனல் அக்கவுன்ட் வைத்திருப்பவர் இன்சைட்ஸைத் திறந்தால் ஊர்வாரியாகச் சதவீதம் தெரியும். ஸ்க்ரீன்ஷாட் வாங்காதீர்கள், அதைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. வீடியோ காலில் அந்த ஆளே போனைத் திறந்து காட்டட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 18,000 ஃபாலோயர் உள்ள பேஜ், ஒரு ரீலுக்கு 5,000 ரூபாய் கேட்கிறது. ஊர்ப் பட்டியலில் நாகர்கோவில் 22 சதவீதம், மற்றதெல்லாம் திருவனந்தபுரம், துபாய், சென்னை. கையில் மிஞ்சுவது 3,960 பேர், தலைக்கு 1 ரூபாய் 26 காசு. இன்னொன்று 4,000 ஃபாலோயர் உள்ள சின்ன பேஜ், 1,500 ரூபாய், உள்ளூர் 60 சதவீதம். 2,400 பேர், தலைக்கு 63 காசுக்கும் குறைவு. இரண்டாவதுதான் லாபம். அதிலும் ‘நாகர்கோவில்’ என்று காட்டுவதற்குள் தோவாளைக்காரரும் இருக்கலாம், தக்கலைக்காரரும் இருக்கலாம். இன்ஸ்டாகிராமுக்கு உங்கள் பத்மநாபபுரம் தொகுதி தெரியாது. அதனால் கடைசிப் பத்து ரீலின் கமெண்ட்களை உட்கார்ந்து வாசியுங்கள். ‘சூப்பர்’, இதயம், கைதட்டல் மட்டும் வரிசையாக வந்தால் சந்தேகப்படுங்கள். ‘இது நம்ம அழகியமண்டபம் ஜங்ஷன்லா?’ என்று நாலு பேர் கேட்டிருந்தால் அது நிஜக் கூட்டம்.

அடுத்தது பேச்சு. ஒரே ஸ்க்ரிப்டை எழுதிப் பதினைந்து பேர் தலையிலும் கட்டுகிற ஏஜென்சி இங்கே தேறாது. குலசேகரத்து ரீலில் ‘மரவள்ளிக்கிழங்கு’ என்று சொன்னால் அடுத்த நொடி விரல் தள்ளிவிடும், அங்கே அது மரச்சீனி. கடற்கரை இன்னும் கறார். மீன்பிடித் தடைக்காலம் சின்னமுட்டத்தில் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். ஏப்ரல் கடைசியில் ‘தடைக்காலத்தில் வாடும் குளச்சல் மீனவர்களே’ என்று ஒரு ரீல் வந்தால் அதைச் சிரித்துக்கொண்டே பரப்புவது எதிர்க்கட்சிதான். ஏஜென்சியிடம் இந்தத் தேதிகளைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் குற்றமில்லை. ‘விசாரித்துச் சொல்கிறேன்’ என்கிறவரை நம்பலாம். சமாளிக்கிறவரை அல்ல.

பிறகு பில். ஒவ்வொரு ரீல்ஸ்காரருக்கும் எவ்வளவு, ஏஜென்சி கமிஷன் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தர வேண்டும். மொத்தமாக ‘பேக்கேஜ்’ என்று பேசினால், உங்களிடம் 5,000 வாங்கி ரீல் எடுப்பவருக்கு 800 கொடுக்கவும் வழி இருக்கிறது. 800 ரூபாய்க்கு எடுத்த ரீல் 800 ரூபாய் ரீல் மாதிரியே இருக்கும். இதே ஏஜென்சி இதே தொகுதியில் வேறு வேட்பாளருக்கு வேலை செய்யாது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். சின்ன ஊர், இரண்டு பக்கமும் கை நனைப்பது புதிதல்ல.

மொத்த வேலையையும் உடனே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். மூன்று பேர், ஆளுக்கு ஒரு ரீல், ஒரு வாரம். வியூஸை விட்டுவிட்டு ஷேர் எத்தனை, சேவ் எத்தனை என்று பாருங்கள். ஷேர் ஆனதுதான் குடும்ப வாட்ஸ்அப் குரூப் வரை போயிருக்கும். சென்னையா நாகர்கோவிலா என்பது இதற்கெல்லாம் அப்புறம்தான்.

கேள்வி: ரீல்ஸ்காரர்களுக்குக் கொடுக்கும் பணம் தேர்தல் செலவுக் கணக்கில் வருமா? ஏஜென்சிக்காரர் ‘அதெல்லாம் வராது சார்’ என்கிறாரே?
– வேட்பாளரின் முகவர், நாகர்கோவில்

பதில்: வரும். 2013 அக்டோபரில் தேர்தல் ஆணையம் கொடுத்த அறிவுறுத்தலிலேயே இது தெளிவு. சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கொடுக்கும் விளம்பரக் காசு, வீடியோ தயாரிக்கும் செலவு, அந்தக் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறவர்களின் சம்பளம் எல்லாமே செலவுதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 77வது பிரிவின்படி, வேட்புமனு நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை எழுத வேண்டும். ‘மனுவுக்கு முன்பே எடுத்து வைத்த ரீல்’ என்று தப்பிக்க முடியாது, மனுவுக்குப் பிறகு பயன்படுத்தினால் அதுவும் சேரும்.

உதாரணத்துக்கு: 15 பேர், ஆளுக்கு 4 ரீல், ரீல் 2,500 ரூபாய் என்றால் 1,50,000. கமிஷன் 20 சதவீதம் 30,000. மொத்தம் 1,80,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 32,400. ஆக 2,12,400. சட்டமன்றத் தொகுதிக்கு இப்போதுள்ள உச்சவரம்பு 40 லட்சம். அதில் இது ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். மறைக்க வேண்டிய அளவே இல்லை. இதை மறைக்கப் போய் மாட்டிக்கொள்வதுதான் வீண். நீங்கள் எழுதாததைச் செலவினப் பார்வையாளரின் குழு தன் நிழல் பதிவேட்டில் எழுதியிருக்கும். ஆய்வு நாளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மூன்றாண்டு தகுதியிழப்பு வரை போகும்.

பணம் கொடுக்கும் விதமும் முக்கியம். தேர்தல் முழுக்க ஒரே ஆளுக்கோ நிறுவனத்துக்கோ 10,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கம் கூடாது. தேர்தலுக்கெனத் தொடங்கிய வங்கிக் கணக்கிலிருந்து காசோலையாகவோ ஆன்லைனிலோதான் போக வேண்டும். ‘பாதி கேஷ், பாதி பில்’ என்று ஏஜென்சி கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்துப் போட வைக்கும் வீடியோ விளம்பரம்தான் என்று எடுத்துக்கொண்டு, மாவட்ட ஊடகச் சான்றிதழ் மற்றும் கண்காணிப்புக் குழுவிடம் முன்சான்று வாங்குவது பாதுகாப்பு. வேட்பாளரும் அங்கீகரிக்கப்பட்ட கட்சியும் குறைந்தது மூன்று நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். வீடியோவின் இரண்டு பிரதி, அதில் பேசுவதன் சான்றொப்பமிட்ட எழுத்து வடிவம், தயாரிப்புச் செலவு எல்லாம் கூடவே போக வேண்டும். எல்லோரும் இடறுவது இந்த எழுத்து வடிவத்தில்தான். ரீலில் கடைசி நிமிடத்தில் ஒரு வசனம் மாற்றியிருப்பார்கள், தாளில் பழைய வசனம் இருக்கும், திரும்பி வரும், மூன்று நாள் மறுபடி தொடங்கும். ‘இன்றைக்கு டிரெண்ட், இன்றைக்கே போடணும்’ என்கிற வேலைக்குக் காசு கொடுத்த ரீல் சரிப்படாது. தொண்டர் தன் சொந்த அக்கவுன்டில், தன் சொந்தக் கருத்தாக, யாரிடமும் காசு வாங்காமல் போடுவது வேறு, அதற்கு முன்சான்று தேவையில்லை.

இன்னொன்று. அபிமானி ஒருவர் தானாகக் காசு போட்டு ரீலை பூஸ்ட் செய்தால், அதாவது விளம்பரமாக ஓடவிட்டால், சந்தோஷப்படாதீர்கள். வேட்பாளரின் எழுத்து மூலமான அதிகாரம் இல்லாமல் அவருக்காக விளம்பரச் செலவு செய்வது பாரதிய நியாய சன்ஹிதா 176வது பிரிவில் வரும். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவில் ஓடிய அரசியல் விளம்பரங்கள், யாரும் பார்க்கக்கூடிய அதன் ஆட் லைப்ரரியில் ஏழு ஆண்டு கிடக்கும், யார் கட்டினார்கள், ஏறத்தாழ எவ்வளவு என்பதோடு. உங்கள் எதிர்த்தரப்பு அதைத் தினமும் திறந்து பார்க்கும்.

கேள்வி: என் மகளின் ரீல்ஸுக்கு ஊரில் நல்ல வரவேற்பு, வயது ஒன்பது. ஏஜென்சி அவளையும் கேட்கிறது.
– வாசகி, கருங்கல்

பதில்: முடியாது என்று சொல்லிவிடுங்கள். பிரசாரத்தில் குழந்தைகளை எந்த விதத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. கோஷம், பாட்டு, வசனம் எதுவும் கூடாது. பெற்றோருடன் வந்த பிள்ளை தலைவர் பக்கத்தில் நிற்பது மட்டும் தப்பில்லை. இது தெரியாமல் கேட்கிற ஏஜென்சிக்கு மற்ற விதிகளும் தெரிந்திருக்காது.

கேள்வி: எனக்கு 6,000 ஃபாலோயர். ஏஜென்சி பாஸ்வேர்டு கேட்கிறது, ‘நாங்களே போட்டுக்கொள்கிறோம்’ என்கிறது. என் அக்காவும் ரீல்ஸ் போடுவாள், அரசுப் பள்ளி ஆசிரியை. இருவருமே சேரலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: அக்கா வேண்டவே வேண்டாம். அரசு ஊழியர் கட்சிப் பிரசாரத்தில் இறங்கினால் நடத்தை விதிப்படி நடவடிக்கை வரும், வேலைக்கே உலை.

பாஸ்வேர்டு யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரே ரீல் இரண்டு அக்கவுன்டிலும் வருகிற கொலாப் போஸ்ட் வைக்க உங்கள் சம்மதம் மட்டும் போதும். அவர்கள் உங்கள் பெயரில் என்ன போட்டாலும் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான். ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எத்தனை ரீல், எத்தனை தடவை திருத்தித் தருவீர்கள், எத்தனை நாள் அழிக்காமல் வைக்க வேண்டும், முன்பணம் பாதி, மீதி போட்ட ஏழாம் நாளுக்குள். ‘தனிநபரின் சொந்த வாழ்க்கை, சாதி, மதம் பற்றிய வசனம் பேச மாட்டேன்’ என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். மத மோதலாக வெடித்த மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. கோவில் கொடையிலும் கோட்டாறு திருவிழாவிலும் எடுத்த காட்சியைப் பின்னணியாக வைக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். வழிபாட்டு இடங்களைப் பிரசார மேடையாக்குவது தேர்தல் நடத்தை விதி மீறல்.

கேள்வி: தலைவர் குரலில் ஏ.ஐ. வைத்து ரீல் செய்யலாமா? வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் போடலாமா?
– இளைஞரணி, குழித்துறை

பதில்: தேர்தல் ஆணையத்தின் 2025 அக்டோபர் அறிவுறுத்தலின்படி, செயற்கையாக உருவாக்கியது என்ற அடையாளம் படத்தில் குறைந்தது 10 சதவீத இடத்தில் தெரிய வேண்டும், ஒலி என்றால் முதல் 10 சதவீத நேரத்துக்குள் சொல்ல வேண்டும். சம்மதமில்லாமல் இன்னொருவர் குரலையோ முகத்தையோ எடுத்து ஏமாற்றும்படி செய்தால் அடையாளம் போட்டாலும் தப்பில்லை என்று ஆகாது. புகார் வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் ரீலை நீக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு பேஜையும் ராத்திரி ஒரு மணிக்கும் எழுப்பக்கூடிய ஆளின் நம்பர் ஏஜென்சியிடம் இருக்க வேண்டும்.

முந்தைய நாள் கூடாது. வாக்குப்பதிவு மாலை 6 மணிக்கு முடிகிறது என்றால், அதற்கு இரண்டு நாள் முன் மாலை 6 மணியிலிருந்து 48 மணி நேரம் புதிதாக எதுவும் போடக் கூடாது. வழக்கமாக மாட்டுவது ஷெட்யூல் செய்து மறந்துபோன ரீலில்தான். அந்த 48 மணி நேரம் தொடங்கும் நாள் மதியமே பதினைந்து பேரின் ஷெட்யூல் பட்டியலையும் ஏஜென்சி காலி செய்து, பூஸ்ட்டையும் நிறுத்தி, ஸ்க்ரீன் ரெக்கார்டிங் அனுப்பச் சொல்லுங்கள்.